பால் உண்ட மரபும் பால் குடிக்கும் வழக்கமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் கம்பனைப் பேசினார்கள், இளங்கோவைப் பேசினார்கள், புதுக்கவிதைக்காக ஒரு மாலை முழுவதும் வழக்காடினார்கள். நிறைவு விழாவில் நான் பாலைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று எழுதியபோது, செயலாளர் அதனைப் பாலைத் திணை என்று கொண்டு அழைப்பிதழ் அச்சிடும் அளவுக்குப் போய்விட்டார். பாலையும் அன்று, பாற்கடலும் அன்று; நாள்தோறும் விடியற்காலையில் நம் வாயிற்படியில் பையாக வந்து கிடக்கும் பசுவின் பாலைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று சொல்லித் திருத்த வேண்டியதாயிற்று.

இப்பொருளை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எந்த வீட்டிற்குச் சென்றாலும் பாலைப் பற்றி ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளை பால் குடிக்கவில்லை என்று தாய் கவலைப்படுகிறாள். 'நாங்களெல்லாம் படிப் பால் குடித்து வளர்ந்தவர்கள்' என்று பாட்டனார் பெருமிதம் கொள்கிறார். கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்த மருமகனோ, பால் மனிதனுக்கு ஏற்ற உணவே அன்று, அது நஞ்சு என்கிறார். பாலில்லாமல் பலமில்லை என்பது ஒரு கட்சி. பாலே நோய்க்கு மூலம் என்பது மறு கட்சி. இரண்டு கட்சிக்காரரும் தம் கொள்கையே நம் முன்னோர் வழி என்று கூறுகிறார்கள். ஆகவே, அந்த முன்னோர் பாலை என்ன செய்தார்கள் என்று பார்ப்பது ஓர் இலக்கிய வட்டத்தின் வேலைக்குப் புறம்பாகாது என்று எண்ணினேன்.

பிள்ளையைப் பால் குடிக்க வைக்கும் போராட்டத்திற்கு நம் மொழியில் மிகப் பழைய சான்று நற்றிணையில் இருக்கிறது. 110-ஆம் பாட்டு, பாடியவர் போதனார். செல்வர் வீட்டுச் சிறுமி ஒருத்தி. தேன் கலந்த இனிய பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, மறுகையில் பூச்சுற்றிய சிறுகோலை ஓங்கி, 'உண்' என்று அதட்டியபடி செவிலியர் பின்தொடர்கிறார்கள். நரைத்த கூந்தலுடைய முதிய பெண்கள் அவர்கள். சிறுமி சிலம்பு ஒலிக்கப் பாய்ந்து பந்தருக்குள் ஓடிவிடுகிறாள். அவர்கள் கால் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். அத்தகையவள் இன்று மணமாகிக் கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டின் வளமான சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்டு வாழ்கிறாளே, இந்த அறிவை எங்கே கற்றாள் என்று வியப்பதுதான் பாட்டின் கருத்து. வியப்பு மகளின் மாண்பைப் பற்றியது. ஆனால் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று பாட்டின் ஓரத்தில் நிற்கிறது. பாலைத் தனியே பருகத் தருவது செல்வர் வீட்டுக் குழந்தைக்கு. அதுவும் பொற்கலத்தில், தேன் கலந்து. அதையும் அந்தக் குழந்தை விரும்பவில்லை!

இனி, வளர்ந்தவர்கள் பாலை என்ன செய்தார்கள்? பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆயர் மகளைப் பாருங்கள். வைகறையில் தயிர் கடைகிறாள். வெண்ணெய் எடுத்தபின் மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று, மோரைக் கொடுத்து நெல் முதலியவற்றை மாற்றிக்கொண்டு வந்து சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்குப் பொன் தந்தால் வாங்க மறுத்து, எருமையும் நல்ல பசுவும் பெறுகிறாள். அவள் விற்றவை மோரும் நெய்யும். பால் விற்றதாகப் புலவர் சொல்லவில்லை. அவ்வாயர் பாணர்க்கு அளிக்கும் விருந்திலே பால் வருகிறது, எப்படி வருகிறது? தினைச்சோற்றோடு வருகிறது. குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார் காட்டும் புதுமணப்பெண் பிசைவதும் கட்டித் தயிரைத்தான்; பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படிய அவள் சமைத்த அந்தப் புளிப்புக் குழம்பைக் கணவன் இனிது என்று உண்ட செய்தியை இங்குள்ளோர் நூறு முறை கேட்டிருப்பீர்கள்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை இன்னும் தெளிவான சான்று. மதுரையில் கோவலன் கொலையுண்ட வேளையில் ஆயர் சேரியில் தீக்குறிகள் தோன்றுகின்றன. அவற்றுள் முதலில் வருவது, குடத்துப் பால் உறையவில்லை என்பது. பால் திரிந்தது என்றோ குறைந்தது என்றோ இளங்கோ சொல்லவில்லை. பால் தயிராகாமல் நின்றதுதான் அக்குடிக்கு உலகம் நிலைகுலைந்ததற்கு அடையாளம். திருப்பாவையில் ஆண்டாள் நோன்பு தொடங்கும்போது நெய்யும் பாலும் விலக்குகிறாள். நோன்பு முடியும்போது கேட்பது முழங்கை வரை நெய் வழியும் பாற்சோறு.

'உண்' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பாலைச் சோற்றோடு மட்டுமே உண்டார்கள் என்று நான் வாதிட மாட்டேன். பழந்தமிழில் கள்ளையும் உண்பதுதான். அச்சொல் பருகுவதையும் தழுவும். பாலைப் பருகியவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் சான்றுகளின் சாய்வு ஒரு பக்கமாகவே இருக்கிறது. பால் என்பது வேறொன்றாக ஆகவேண்டிய பொருள். தயிராகி, மோராகி, வெண்ணெயாகி, நெய்யாகி வீட்டைச் சுற்றிவரும். தனிப் பாலாகவே நின்று பருகப்பட்டது குழந்தைக்கும், நோயாளிக்கும், முதியவர்க்கும், தெய்வத்திற்கும். இவர்களோடு மணமக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். புதுவீட்டில் பால் காய்ச்சுகிறோம். பொங்கலன்று பால் பொங்கக் காத்திருக்கிறோம். உயிர் பிரியும் நேரத்தில் நாவில் பால் விடுகிறோம். மறுநாள் சாம்பலுக்கும் பால் தெளிக்கிறோம். எல்லாம் வாழ்வின் வாயிற்படிகள். நடுக்கூடத்தில் நாள்தோறும் உலவியது மோர்தான். (திரைப்பட நடிகர்களின் வண்ணப் படத்துக்குப் பால் ஊற்றுவதை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை, விட்டுவிடுகிறேன்.)

இதற்குக் காரணம் என்ன? முன்னோர் உடற்கூறு அறிந்து செய்தார்கள் என்று கூற எனக்குத் துணிவில்லை. எளிய காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று நம் வெயில். கறந்த பால் இந்த வெப்பத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் பாலைக் காக்க ஒரே வழி காய்ச்சி உறையூற்றுவது. மற்றொன்று நம் மாடு. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம் ஆகியவை ஏருக்கும் வண்டிக்கும் என்று வளர்க்கப்பட்ட இனங்கள். உம்பளச்சேரி மாடு காவிரிக் கடைமடையின் சேற்று வயலை உழப் பழகியது. காங்கேயம் காளை பாரவண்டிக்கும் கமலைக்கும் பெயர்பெற்றது. இவ்வினப் பசுக்களின் கறவை நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் என்ற அளவில்தான். அதில் கன்றுக்கு விட்டது போக வீட்டுக்கு வருவது எவ்வளவு? எட்டுப் பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கொரு தம்ளர் பால் என்பது கணக்கிலேயே அடங்காது. அதே பாலைத் தயிராக்கிக் கடைந்து நீர் பெருக்கினால் எட்டுப் பேர் உண்டபின் அண்டை வீட்டுக்கும் மிஞ்சும். நீரைச் சுண்டக் காய்ச்சவும், மோரைப் பெருக்கவும், நெய்யை உருக்கவும் சொல்லும் தேரையர் பெயரால் வழங்கும் மருத்துவ விதி, வீட்டுக் கணக்குக்கும் ஒத்துப்போகிறது. படிப் பால் குடித்த பாட்டனார்கள் இருந்திருக்கலாம். அவர்கள் தொழுவம் நிறைய மாடு கட்டியவர்களாக இருந்திருப்பார்கள். நாட்டில் பெரும்பாலோர் அப்படி இல்லை.

என் இளமைக் கால ஊரில் மோரை விலைக்குக் கொடுப்பது இழுக்காகக் கருதப்பட்டது. கறவை மாடு உள்ள வீட்டில் கடையும் நாள் எது என்று தெருவுக்கே தெரியும். செம்பைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் போவார்கள். விளக்கு வைத்தபின் தரமாட்டார்கள்; அதற்குள் போய்விட வேண்டும். மாடு ஈன்ற வீட்டில் சீம்பாலைக் கருப்பட்டியோ வெல்லமோ இட்டுக் காய்ச்சித் தெருவெங்கும் பகிர்வார்கள். ஆனால் அந்தத் தெரு எங்கே முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரின் மறுபுறத்துக் குடியிருப்பிலிருந்து வந்த பெண்களுக்கு மோர் வாசலுக்கு வெளியே, உயரத் தூக்கி ஊற்றப்பட்டது. பழைமையின் இனிமையை மட்டும் பேசி இதனை மறைப்பது நேர்மையாகாது.

தம்ளரில் பால் வந்த கதைக்கு வருகிறேன். அதற்குக் காப்பியே கதவைத் திறந்தது என்பது என் கருத்து. நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் காப்பி நுழைந்த வரலாற்றையும், அதைக் கண்டு அன்றைய பெரியவர்கள் அடைந்த கலக்கத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் சுவைபட எழுதியிருக்கிறார். காப்பிக்குத் தயிர் உதவாது. பால் வேண்டும், அதுவும் விடியற்காலையிலே வேண்டும், தண்ணீர் கலவாமல் வேண்டும். பால்காரர் மாட்டையே வாயிலுக்கு ஓட்டிவந்து கண்முன் கறந்து தந்ததும், நுரையை ஒதுக்கி அளக்கச் சொல்லி வீட்டு அம்மாள் வழக்காடியதும் காப்பி தந்த காட்சிகள். பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியும் பேச்சில் புகுந்தது. 'டிகிரி காப்பி' என்னும் பெயரே அக்கருவி காட்டும் அளவிலிருந்து பிறந்தது என்பார் உண்டு. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். ஆடையை எடுத்தால் கூடும். இரண்டையும் அளவறிந்து செய்தால் கருவி ஒன்றும் காட்டாது. நம் மக்களின் அறிவுக்கூர்மைக்கு வேறு சான்று வேண்டுமா?

பின்னர் 1970-இல் தொடங்கி 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டின் பாலை ஓர் ஆறாகத் திருப்பியது. குஜராத்தின் ஆனந்தில் 1946-இல் உழவர்கள் தொடங்கிய கூட்டுறவு அதற்கு முன்மாதிரி. வர்கீஸ் குரியன் அதன் தலைமகன். தமிழ்நாட்டில் 1981-இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் அமைந்தது. அதன் ஆவின் என்னும் பெயர் வீட்டுச் சொல்லாயிற்று. ஜெர்சி, ஃபிரீசியன் கலப்பினப் பசுக்கள் வந்தன. 1998 முதல் பால் உற்பத்தியில் உலகின் முதல் நாடாக இந்தியா விளங்குகிறது. ஆக, நம் வீட்டில் எல்லோரும் பால் குடிக்கும் வழக்கம் கூட்டுறவு, குளிரூட்டி, கலப்பினப் பசு ஆகிய மூன்றின் கொடை. அதற்கு வயது ஐம்பது அறுபது ஆண்டுகள். இதனைத் தொன்மை என்று சொல்லிப் போற்றுவதும், அயல் சதி என்று சொல்லித் தூற்றுவதும் ஒருங்கே பொருந்தாதவை.

இனி உடல் என்ன சொல்கிறது? நான் மருத்துவன் அல்லேன். மருத்துவர்கள் எழுதியவற்றைப் படித்து, இங்கே உரைக்கும் அளவுக்குத் தெரிந்துகொண்டவன். பாலில் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை இருக்கிறது. பசும்பாலில் 100-க்கு ஏறத்தாழ 5 பங்கு. தாய்ப்பாலில் 7 பங்கு. அதைப் பிரித்துச் செரிக்கச் செய்வது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி. குழந்தைப் பருவம் கடந்தபின் உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர்க்கு இந்த நொதி குறைந்துவிடுகிறது. இது நோய் அன்று; பாலூட்டிகளுக்கு உரிய இயற்கை. வட ஐரோப்பியரும், ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் உள்ள சில மேய்ச்சல் குடிகளும், வடமேற்கு இந்தியர் பலரும் வாழ்நாள் முழுதும் அந்த நொதி குன்றாமல் இருப்பவர்கள். 2012-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இந்தியரிடையே இதற்குக் காரணமான கூறு ஐரோப்பியரிடம் உள்ள அதே கூறுதான் என்றும், மேய்ச்சல் தொழில் செய்யும் குடிகளிடம் அது மிகுதி என்றும் கண்டது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், புதுதில்லியில் சோதிக்கப்பட்ட நலமான மனிதர்களில் நாலில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய ஊர்களில் சோதிக்கப்பட்டோரில் மூவரில் இருவருக்கும் பால்சர்க்கரை ஒவ்வவில்லை என்று தெரிந்தது. சோதிக்கப்பட்டவர்கள் சிலரே, எனினும் வேறுபாடு சிறியதன்று.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, இரைகிறது, போகிறது என்று சொல்லும் முதியவர்களை நாம் எத்தனை முறை 'உங்களுக்கு வயிற்றில் கோளாறு' என்று கூறியிருக்கிறோம்! நோயுற்று எழுந்தவர்க்குத் தெம்பு வர வேண்டும் என்று இரவில் பெரிய தம்ளர் பாலைக் கட்டாயப்படுத்தி, அவர் விடியும்வரை உறங்காமல் கிடக்க, அதற்கும் மருந்து வாங்கிய வீடுகளை நான் அறிவேன். அவர்க்குக் கோளாறு ஒன்றும் இல்லை. அதே பாலை உறையூற்றித் தந்திருந்தால் போதும். தயிராக்கும் நுண்ணுயிர்கள் பால்சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுகின்றன. குடலுக்குள் சென்றபின் மிச்சத்தைப் பிரிக்கவும் துணை செய்கின்றன. நெய்யில் அச்சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். நீர்மோரிலோ அது நீரால் மேலும் குறைந்திருக்கிறது. வெயிலுக்கும் கறவைக் குறைவுக்கும் அஞ்சிச் செய்த ஏற்பாடு வயிற்றுக்கும் இசைந்துவிட்டது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, 'தமிழர்க்குப் பால் ஆகாது' என்று புறப்படும் நண்பர்களையும் ஒரு சொல் கேட்க வேண்டும். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் அளவுப் பாலைத் தொல்லையின்றித் தாங்குவர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உணவோடு சேர்ந்தால் இன்னும் எளிது. சோற்றில் பால் ஊற்றி உண்டவர்கள் இதனைத் தற்செயலாகக் கண்டிருக்கலாம். பாலின் புரதம் சிலருக்கு, பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு, ஒவ்வாமை தருவதுண்டு. அது முற்றிலும் வேறு சிக்கல். மருத்துவரிடம் செல்ல வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியே பாதிச் சண்டை நடக்கிறது.

எனக்கு இதனினும் கவலை தருவது வேறு. 'என் பிள்ளை சோறே தொடமாட்டான். ஆனால் மூன்று வேளையும் பால் குடித்துவிடுவான்' என்று பெருமையோடு சொல்லும் தாய்மார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு; இரும்புச் சத்தோ இல்லையென்னும் அளவுக்குக் குறைவு. வயிறு நிறையப் பால் குடித்த குழந்தைக்குக் கீரையும் பருப்பும் முட்டையும் உண்ணப் பசி இராது. உண்ட இரும்பையும் உடல் ஏற்பதைப் பாலின் சுண்ணாம்பு ஓரளவு தடுக்கும். வெளுத்துச் சோர்ந்த அந்தப் பிள்ளையைக் கண்டு, பால் போதவில்லை என்று மேலும் ஒரு தம்ளர் கூட்டுகிறார்கள். ஒரு வயது கடந்த சிறு குழந்தைக்கு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் பொதுவாகக் கூறுவது இதனால்தான். 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. வறுமையே முதற் காரணம். பால் மட்டும் அதனைத் தீர்க்காது, சில வீடுகளில் பெருக்கவும் கூடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பால் வாங்க இயலாத தாயின் மனத்தையும் எண்ணிப் பாருங்கள். விளம்பரத்தில் ஒரு பையன் தம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு மேலுதட்டில் வெள்ளை மீசையோடு சிரிக்கிறான். ஓடுகிறான், உயர்கிறான், வகுப்பில் முதல்வனாகிறான். தன் பிள்ளைக்கு அது இல்லை என்று அவள் குற்றவுணர்வு கொள்கிறாள். அவள் வீட்டில் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் பாலில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 120 மில்லிகிராம்; 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல். உடல் அதை முழுவதும் ஏற்பதில்லை என்பது மெய். முளைகட்டி அரைத்தால் ஏற்பது கூடும். அந்தக் கூழில் ஒரு கரண்டி மோரும், பக்கத்தில் ஒரு முட்டையும் இருந்தால் அவள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்கள் முட்டையைத் தேர்ந்தன. கர்நாடகம் 2013-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் வழங்கத் தொடங்கியது. பிள்ளைக்குக் கிடைக்கும் வரை இரண்டையும் நான் வரவேற்பேன். முட்டையை எடுத்துவிட்டுப் பாலை வைக்க வேண்டும் என்று எழும் குரலை வரவேற்க மாட்டேன். அக்குரலுக்குப் பின்னால் இருப்பது சத்தின் கணக்கு அன்று.

நாட்டு மாட்டுப் பால் பற்றியும் சொல்லாமல் விட்டால் இளைய நண்பர்கள் என்னை விடமாட்டார்கள். 2017-இல் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர் கூடியபின் இப்பேச்சு ஊரெங்கும் பரவியது. பாலில் உள்ள பீட்டா கேசின் என்னும் புரதம் 209 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதன் 67-ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் ஏ-2 என்றும், ஹிஸ்டிடின் இருந்தால் ஏ-1 என்றும் பெயர். நம் நாட்டு மாடுகளிலும் எருமையிலும் பெரும்பாலும் ஏ-2 வகையே. ஐரோப்பிய இனங்களில் இரண்டும் கலந்திருக்கும். ஏ-1 பால் சர்க்கரை நோயும் இதய நோயும் தரும் என்ற குற்றச்சாட்டை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2009-இல், காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறியது. நம் நாட்டு உணவுத் தர ஆணையம் 2024 ஆகஸ்டில் இப்பெயர்களைப் பாக்கெட்டுகளிலிருந்து நீக்குமாறு ஆணையிட்டு, சில நாள்களிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாட்டு மாடு அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உழவு மாடாக வளர்ந்த காங்கேயத்தைப் பால் வணிகத்தின் பெயரால் காக்க முயல்வது, பாட்டுப் பாடச் சொல்லி மற்போர் வீரனைக் காப்பது போன்றது. அந்தப் பெயரில் விற்கும் பாலில் பல, குஜராத்துக் கிர் மாட்டுப் பால் என்பதையும் வாங்குவோர் அறிய வேண்டும். அதுவும் நல்ல மாடுதான். நம் ஊர் மாடன்று.

நம்பிக்கைகள் வேறு பல உண்டு. குங்குமப்பூ இட்ட பால் பிள்ளைக்குச் சிவந்த நிறம் தரும் என்று சூல்கொண்ட பெண்ணைக் குடிக்க வைக்கிறோம். நிறம் தருவது பெற்றோரின் மரபு. கருவிலிருக்கும்போதே கறுப்பை இழிவு என்று கற்பிக்கும் வழக்கம் இது, தள்ளத்தக்கது. மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கு ஆதாரமில்லை. பால் சளியைப் பெருக்கும் என்பதும் ஆய்வில் மெய்ப்படவில்லை. மிளகும் மஞ்சளும் இட்ட சூடான பால் தொண்டைக்கு இதம் தருவது அனுபவம். அந்த இதத்தில் சூட்டின் பங்கும் உண்டு.

கடைசியாகக் கன்றைப் பற்றி. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் தன் அழகு தனக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் உதவாமல் போவதைச் சொல்ல ஓர் உவமை தேடினார். நல்ல பசுவின் பால் கன்றும் உண்ணாமல், கலத்திலும் விழாமல், மண்ணில் சிந்துவது போல என்றார். உவமையிலேயே ஒரு முறை இருக்கிறது: முதலில் கன்று, பிறகு கலம். காப்பிக்குப் பால் தேவைப்பட்ட நகரத்தில் அந்த முறை மாறியது. இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்திக் கறந்த காட்சியைச் சென்னைத் தெருக்களில் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கன்று முட்டும்போது தாய்ப்பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. அதற்காகவே அந்த வைக்கோல் கன்று. பின்னர் அம்மருந்தையே ஊசியில் ஏற்றிக் கறக்கலாயினர். பால் குடிப்பது அறமா என்று வினவும் இளைஞர்களை நாம் எள்ளி நகையாடுவதைக் காண்கிறேன். அவர்கள் கேட்பது வெள்ளிவீதியார் காலத்து முறையைத்தான். விடை சொல்ல நமக்கு எளிதாக இல்லை என்பதால் சிரிக்கிறோம்.

அதே பாலைக் கறந்து, விடியுமுன் சங்கத்துக் கட்டடத்தின் முன் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களையும் நான் மறக்கவில்லை. அவர்கள் கைக்குப் பால் பணம் வருகிறது. அதில் பள்ளிக் கட்டணமும் மருந்தும் கடன் தவணையும் கழிகின்றன. பெரும்பாணாற்றுப்படை ஆயர் மகள் நெய் விற்றுப் பசு வாங்கினாள். இவள் பால் விற்று மகளைப் படிக்க வைக்கிறாள். இவள் வீட்டில் இன்று கடைவதற்கு மிச்சம் இல்லை; தெருவில் செம்பு தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளும் இல்லை. மோருக்கு அவளே கடையில் பை வாங்குகிறாள். இதில் எது லாபம், எது நட்டம் என்று நம்மைப் போல் மேடையில் நின்று பிரித்துச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மாலைக் கறவைக்கு மாட்டைக் கழுவ வேண்டும்.

என் நேரம் முடிந்துவிட்டதாகச் செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். வெளியே அன்பர்களுக்குக் காப்பியும் நீர்மோரும் வைத்திருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறது. அவரவர் வயிறு அறிந்து எடுத்துக்கொள்ளலாம்.